பாம்புக்காதுக்குக் கேட்காத சத்தம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டிலும் மருந்துச் சீட்டிலும் மட்டும்தான் அது ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி கடையிலும் தெருவிலும் அவர் பாம்புக்காது. முதலாளி கூப்பிடுவது "பாம்பு". கூட வேலை பார்ப்பவர்களுக்கு "பாம்பண்ணன்". ஹோம் தியேட்டர் வாங்க வந்த புதிய ஆட்கள் யாராவது அதைக் கேட்டு ஓரடி பின்வாங்கினால், முதலாளி சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க சார், கடிக்காது. காது மட்டும்தான் பாம்பு" என்பார்.

பெயர் வந்தது இருபது வருடங்களுக்கு முன்னால். அப்போது அவர் அந்தக் கடையில் அட்டைப்பெட்டி தூக்குகிறவர். ஒரு சினிமா தியேட்டரில் ஏதோ ஒரு ஸ்பீக்கர் கரகரவென்று இழுக்க, எது என்று தெரியாமல் இரண்டு இன்ஜினியர்கள் இரண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர், "வலது சுவத்துல மேலேர்ந்து ரெண்டாவது. ஏதோ ஸ்க்ரூ லூசாகி ஆடுது" என்றார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள். அதே ஸ்பீக்கர், அதே ஸ்க்ரூ. மறுநாளிலிருந்து அவர் கையில் அட்டைப்பெட்டி இல்லை, கருவிப் பை இருந்தது.

அதன் பிறகு எத்தனை வீடுகள்! கூடத்தின் நடுவே நின்று ஒரு தடவை கைதட்டுவார். "இந்தப் பக்கம் ஒரு திரைச்சீலை போட்டுடுங்க, சத்தம் மோதித் திரும்புது" என்பார். வீட்டு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி மரியாதையாக நிற்பார்கள். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். அதை உட்காரும் இடத்தில் வைத்தால், அறையை அளந்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அதுவே சரி செய்துகொள்ளும். பாம்புக்காது அந்த மைக்கைப் பிரிக்கவே மாட்டார். "இது பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குக் காது பொறந்துடுச்சு" என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையோடு திருப்பிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துச் சொக்கிப்போவார்கள். அவர்கள் சொக்குவதைப் பார்த்து அவரும் சொக்கினார். அதில்தான் வினை தொடங்கியது.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள், மகளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "அது கத்திக் கத்தி ஓயுது, எடுக்காம என்ன பண்றீங்க?" என்றாள். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. "தெரியும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்னு விட்டேன்" என்றார். காதைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. பிறகு துணி துவைக்கும் மெஷினின் பீப் சத்தம் போயிற்று. கைபேசியின் குருவிச் சத்தம் போயிற்று. மகள் வேகமாகப் பேசினால் பாதி வார்த்தைகள் பல் விழுந்த சீப்பு மாதிரி வந்து சேர்ந்தன.

வேலையில் அவர் வித்தை கற்றுக்கொண்டார். ஸ்பீக்கரின் கூம்பில் விரல் நுனியை வைத்து அதிர்வைப் பார்த்தார். முன்பு காதால் வைத்த அளவுகளை இப்போது மனப்பாடமாக வைத்தார். எல்லாம் முடிந்ததும், "எப்படி இருக்கு, நீங்களே சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் முகத்தைப் படித்தார். முகம் மலர்ந்தால் தானும் மலர்ந்தார். இப்படியே இரண்டு வருடம் வண்டி ஓடிற்று.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டுக்குப் போனார்.

நீளமான கூடம். ஒரு கோடியில் டிவி, மறு கோடியில் சோபா. நடுவில் ஒரு பக்கம் பால்கனிக் கதவு, மறு பக்கம் அடுக்களை வாசலும் படுக்கையறை வாசலும். பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் சோபாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ரிசீவரிலிருந்து ஒயர் இழுத்தால் எப்படி வளைத்தாலும் ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும். சுவரை உடைக்கலாம் என்றால், வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இப்பதான் பெயின்ட் அடிச்சோம் சார்." தரையோடு விடலாம் என்றால், அவருடைய அம்மா கைத்தடியோடு நடப்பவர். தடுக்கிவிட்டால் தியேட்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"அப்ப ஒயர்லெஸ்தான்" என்றார் பாம்புக்காது. அந்த ரிசீவருக்குச் சொந்தமாக ஒயர்லெஸ் வசதி கிடையாது. அதனால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பெட்டிகள். ஒன்றை ரிசீவரின் முதுகில், பின்பக்கச் சத்தம் வெளியே வரும் துளைகளில் செருகினார். இன்னொன்றை சோபாவுக்குப் பின்னால் வைத்தார். முதல் பெட்டி காற்றில் விடுவதை இரண்டாவது பெட்டி பிடித்து, ஆளுக்கொரு முழ ஒயரில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் கொடுக்கும்.

கைத்தடி அம்மா எட்டிப் பார்த்தார். "ஒயரே கிடையாதுன்னீங்க, இது என்ன வால் மாதிரி?"

"அது கரண்டு வால்மா. சத்தம் காத்துல வந்துடும், கரண்டு வராது."

"அப்ப இது அரை ஒயர்லெஸ்னு சொல்லுங்க" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வால்தான் பிரச்சினை. பெட்டியோடு வந்த அடாப்டரின் ஒயர் பிளக்குக்கு ஒன்றரைச் சாண் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் போட்டால் வெளியே தெரியும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பாம்புக்காது தன் பையைத் துழாவினார். வேறெந்த வீட்டிலோ மிஞ்சிய ஒரு பழைய அடாப்டர், நீள ஒயரோடு கிடைத்தது. முதுகில் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்தார். பொருந்தின. செருகினார். எடுத்த அடாப்டரை அது வந்த அட்டைப்பெட்டியில் போட்டு மூடினார்.

இரண்டு பெட்டிகளிலும் உள்ள பொத்தான்களை அழுத்திப் பிடித்தார். நீல விளக்குகள் கண்ணடித்தன, ஒன்றையொன்று கண்டுகொண்டதும் நிலைத்து நின்றன. டிவித் திரையில் ரிசீவருக்கு, பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள் இருப்பதையும் அவை எத்தனை தூரம் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு ஹெலிகாப்டர் காட்சியை ஓட்டினார். அது முன்னாலிருந்து வந்து தலைக்கு மேலே போய்ப் பின்னால் இறங்கியது. அம்மா திடுக்கிட்டுத் திரும்பி, "யாரு பின்னால?" என்றார். மறுபடி சிரிப்பு.

சாப்பாட்டு மேஜையில் அந்த வீட்டு மருமகள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. ஹெலிகாப்டருக்கு அவள் நிமிரவில்லை. டிவியை அணைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். புருவத்தைச் சுருக்கி சோபாப் பக்கம் பார்த்தாள். அவர் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினார்.

நாலு நாளில் கடைக்குப் போன் வந்தது. ஏதோ சத்தம் வருகிறதாம்.

அவர் போனபோது காலை பதினோரு மணி. வீட்டுக்காரர் ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு நின்றிருந்தார். அம்மா நாற்காலியில் இருந்தார். மருமகள்தான் பேசினாள்.

"மெல்லிசா, ஊசி மாதிரி ஒரு சத்தம் அண்ணே. நாள் பூரா இருக்கு. டிவி அணைச்சிருந்தாலும் வருது. சோபாவுக்குப் பின்னால இருக்கற ஸ்விட்சை அணைச்சா நின்னுடுது. போட்டா மறுபடி வருது."

எந்தப் பழுது பார்ப்பவருக்கும் இதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துக்கொடுக்க முடியாது. அணைத்தால் நிற்கிறது, போட்டால் வருகிறது. பாதி வேலையை அவளே முடித்து வைத்திருந்தாள்.

மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் சோபாவுக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. பஞ்சு அடைத்த மாதிரி ஒரு அமைதி. தெர்மாமீட்டர் கத்தியபோது இருந்த அதே அமைதி. "எனக்குக் கேக்கல, ஆனா மைக்கை வெச்சு அளந்து பாத்துடறேன்" என்று சொல்லியிருக்கலாம். அதே மாதிரி மைக் ஒன்று கீழே அவருடைய வண்டிப் பெட்டியில்தான் இருந்தது. போய் எடுத்துவர இரண்டு நிமிஷம்.

"என்ன சார், ஏதாவது கேக்குதா?" என்றார் வீட்டுக்காரர். பிறகு மனைவியிடம் திரும்பி, "இவரு காதுக்கே கேக்கலன்னா எதுவும் இல்லைன்னு அர்த்தம். கடையில சொன்னாங்க, இவரு காதுக்கு முன்னால மெஷினெல்லாம் தூசுன்னு" என்றார்.

அந்த வார்த்தை அவரைத் தூக்கி உயரத்தில் உட்கார வைத்துவிட்டது. இறங்க மனம் வரவில்லை. கண்ணைத் திறந்தார். சிரித்தார்.

"சத்தம் ஸ்பீக்கர்ல இல்லம்மா. உங்க காதுல இருக்கு. ஒரு நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுங்க."

"எல்லாம் இவ பிரமைதான்னு நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் கைத்தடி அம்மா.

அவள் அவரையே பார்த்தாள். "ஸ்விட்சை அணைச்சா நின்னுடுதுன்னு சொன்னேனே அண்ணே" என்றாள், இன்னும் மெதுவாக.

"மனசுல ஒண்ணு பதிஞ்சுட்டா அப்படித்தான் தோணும்மா" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்காமல், தேவையே இல்லாத ஒரு ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். லிப்டில் இறங்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம் அந்த வீட்டிலிருந்து போன் இல்லை. போன் வராததையே அவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் கடையில் ஒரு வாடிக்கையாளர், காட்சிக்கு வைத்த ஸ்பீக்கரில் மெல்லிசான மேல் சத்தம் வரவில்லை என்றார். பாம்புக்காது அடித்துச் சொன்னார், வருகிறது என்று. முதலாளி வந்து காதை வைத்தார். அந்தச் சத்தத்தைத் தருகிற, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஸ்பீக்கரைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரமே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு காது ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்தார். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது அல்லவா? டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் வரிசையில் யாரோ எழுந்து கையை ஆட்டினார்கள்.

"அட, பாம்புக்காது சார்! நீங்க எங்க இங்க?"

மூன்றாவது மாடி வீட்டுக்காரர். பக்கத்தில் அவள். முகம் ஊதியது போலவும் கண்கள் தூக்கத்தில் இருப்பது போலவும் இருந்தன.

"நான்... மாமியாருக்கு ஒரு ரிப்போர்ட் வாங்கணும்" என்றார். அவருடைய மாமியார் காலமாகி ஆறு வருடம் ஆகிறது.

வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலும் அவள் காதில் விழுகிற தூரம்தான். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார். இல்லன்னா நாங்க ஸ்பீக்கரையே குறை சொல்லிட்டு இருந்திருப்போம். இவளுக்குப் போன வருஷக் கடைசியில கரு கலைஞ்சுது. அதுலேர்ந்தே ஒரு மாதிரிதான். பகல்ல அந்த ஸ்விட்சை அணைச்சு அணைச்சு வெப்பா. சாயங்காலம் நான் வந்து பாத்தா பின்னால சத்தமே வராது. கடைசியில ஸ்விட்சு மேல டேப் ஒட்டிட்டேன். இப்ப டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. தூங்கித் தூங்கி வழியறா. ஒரு புத்தகத்துல ஏகப்பட்ட பிழையை விட்டுட்டான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா சத்தம்னு சொல்றது மட்டும் குறைஞ்சிருக்கு."

"இப்ப பரவாயில்ல" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு, இதைக் கேட்க வேண்டுமே என்று கேட்பது போல, "மாமியாருக்கு எப்படி இருக்கு அண்ணே?" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வாசலில் வந்து நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டாள். அவருடைய நிஜப் பெயர். அந்த அறையில் அது யாருடையது என்று அவரைத் தவிர எவருக்கும் தெரியாது. அவர் அசையவில்லை. நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்டாள். வீட்டுக்காரர், யார் அந்த ஆள் என்று கழுத்தைத் திருப்பித் தேடினார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது பாம்புக்காதும் கூடச் சேர்ந்து தேடினார். அந்த ஒரு செயலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசிப்போகும்.

அவர்கள் இருவரும் டாக்டர் அறைக்குள் போன பிறகுதான் எழுந்து நர்ஸிடம் போனார்.

"மூணு தடவ கூப்பிட்டேன் சார், காது கேக்கலயா?"

"கேக்கலம்மா" என்றார். நீண்ட நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த உண்மை அதுதான்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் அடிக்கடி அழுத்தினார். பிறகு விரல் சும்மா இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் எதையெதையோ திருகுவது தெரிந்தது, அவருக்கு எதுவும் வரவில்லை. ஒரு முறை, கேட்காமலேயே அழுத்திப் பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்த்து, "கேட்டா மட்டும் அழுத்துங்க சார்" என்றாள்.

முடிவைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டினாள். பாதி தூரம் சமமாகப் போன கோடு, திடீரென்று மாடியிலிருந்து குதித்த மாதிரி விழுந்திருந்தது.

"இங்கேர்ந்து மேல இருக்கற மெல்லிசான சத்தம் எதுவும் உங்களுக்கு வராது. ரெண்டு காதுலயும்தான்."

"ஊசி மாதிரி சத்தம்?"

"அதுதான் முதல்ல போகும்."

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"மூணு நாலு வருஷமாவது ஆகியிருக்கும். உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே சார்?"

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். டாக்டர் அறைக் கதவு இன்னும் மூடியே இருந்தது. அதற்குள் அவளுக்கு மாத்திரையைக் கூட்டுகிறார்களோ குறைக்கிறார்களோ. தட்டியிருக்கலாம். கதவுக்கும் அவருக்கும் நாலடி. அவர் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிவிட்டார்.

பிறகு வந்த ஒன்பது நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். கடையில் யாராவது "பாம்பண்ணே" என்று கூப்பிட்டால் முதுகில் எதையோ எறிந்த மாதிரி இருந்தது. அந்த அடாப்டர் அவருக்கு நினைவு வந்தது. மலிவு அடாப்டர்கள் சில, எண் பொருந்தினாலும் ஸ்பீக்கரில் கீச்சிடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைச் செருகும்போதே அவருக்கும் தெரிந்ததுதான். முன்பானால் செருகியதும் கேட்டிருக்கும், உடனே பிடுங்கியிருப்பார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அந்த வீட்டு மணியை அடித்தார். "இந்தப் பக்கம் வந்தேன், சும்மா ஒரு செக்கிங்" என்றார். அவர் மனதில் இருந்த திட்டம் இதுதான்: சத்தமில்லாமல் அடாப்டரை மாற்றிவிட்டு, மாத்திரை பலித்துவிட்டது என்று அவர்களே நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போய்விடுவது. இத்தனைக்குப் பிறகும் அப்படித்தான் நினைத்தார்.

வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியில். அவள் மேஜையில் தாள்களோடு. பாம்புக்காது மைக்கைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார். கைபேசியில் மாட்டி, சத்தத்தை அளக்கும் ஆப்பைத் திறந்து சோபா மேல் வைத்தார். திரையில் சத்தத்தின் அளவுகள் புல்வெளி மாதிரி படுத்திருந்தன. நடுவில் ஒன்று மட்டும் ஒற்றை முடியாக விறைத்து நின்றது. சோபாவுக்குப் பின்னால் குனிந்தார். ஸ்விட்சின் மேல் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. பழைய அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த அசல் அடாப்டரை, நீள ஒயர் சேர்த்துச் செருகினார். கைபேசியைப் பார்த்தார். அந்த ஒற்றை முடி படுத்துவிட்டது.

அப்போது அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

சோபாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உதடு பிரிந்தது, ஏதோ சொல்ல வந்தது போல. கணவனை ஒரு பார்வை, மாமியாரை ஒரு பார்வை. பிறகு உதட்டை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, சிவப்புப் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டிருக்கிறது. சொல்ல அவள் பயந்துவிட்டாள். அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பிடுங்கிய அடாப்டரோடு கூடத்தின் நடுவே வந்து நின்றார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். அம்மா, நீங்களும் கேளுங்க. சத்தம் இருந்துச்சு. நாலு மாசமா இருந்துச்சு. இவங்க காதுல இல்ல. இதுல." அடாப்டரை நீட்டினார். "இது பெட்டியோட வந்தது இல்ல. ஒயர் எட்டலன்னு என் பையிலேர்ந்து எடுத்து நான் மாட்டினது."

வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். "என்ன சார் சொல்றீங்க? அன்னிக்கு நீங்களே நின்னு கேட்டுட்டு இல்லைன்னீங்களே?"

"எனக்குக் காது போயிடுச்சு சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். பிறகு பழைய அடாப்டரைத் திரும்பச் செருகி, மின்விசிறியை நிறுத்தி, "இங்க வந்து கொஞ்சம் குனிங்க சார்" என்றார்.

வீட்டுக்காரர் சோபாவுக்குப் பின்னால் முழங்கால் போட்டு, ஸ்பீக்கரை ஒட்டிக் காதை வைத்தார். முகம் மாறியது. எழுந்திருக்காமல் அப்படியே இருந்தார். நாலு மாதத்தில் ஒரு தடவை கூட அவர் அங்கே குனிந்து பார்த்ததில்லை. கூடத்தின் நடுவில் நின்று, மின்விசிறி ஓட ஓட, "எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்று சொன்னதோடு சரி.

"என்னடா?" என்றார் அம்மா. "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"கேக்குதும்மா" என்றார் மகன். "நல்லாக் கேக்குது."

அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு விழுந்த இடத்தில் விரலை வைத்தாள். "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"சந்தேகமா..." என்று ஆரம்பித்தார். மழுப்பல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார். "தெரியும்மா."

"ஆஸ்பத்திரியில?"

"எனக்குத்தான் வந்தேன். கூப்பிட்டது என் பேருதான்."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது மாதிரி. எழுந்து சோபாவுக்குப் பின்னால் போனாள். ஸ்விட்சின் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் நெருட ஆரம்பித்தாள். காய்ந்து ஒட்டிப்போயிருந்தது, துணுக்குத் துணுக்காக வந்தது. கணவர் உதவிக்குக் கையை நீட்டினார். "விடுங்க" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பாம்புக்காது மன்னிப்புக் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், அழுவாள் என்றும் எதிர்பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று உள்ளூர ஒரு நப்பாசையும் இருந்தது. அவள் டேப்பை முழுக்கப் பிய்த்து முடித்து, துணுக்குகளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு, "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க அண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். காது விஷயத்தைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "ரெண்டு வருஷமா நான் கத்திக் கத்திப் பேசறது எதுக்குன்னு நினைச்சீங்க?" என்றாள். அந்த வீட்டுப் பெண்ணின் கதையைச் சொன்னபோதுதான் அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். "ஒரு பொம்பளையைப் பைத்தியமாக்கப் பாத்திருக்கீங்களே" என்றாள். அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

முதலாளி வேறு மாதிரி. "சரி, நடந்தது நடந்து போச்சு. வெளியில மூச்சு விடாத பாம்பு. உன் பேருல கடை ஓடுது" என்றார். பாம்புக்காது கேட்கவில்லை. காதுக்கு மெஷின் வாங்கி, மறைக்காமல் மாட்டிக்கொண்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மைக்கைப் பிரித்தார். வேலை முடிந்ததும் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும், அடுக்களையில் இருப்பவர்களையும் கூப்பிட்டு, சோபாவுக்குப் பின்னால் நிறுத்தி, "ஏதாவது கேக்குதா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். பாம்புக்காது என்ற பெயரை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார். பணிவு என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முகம் சூடாகும்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு பகலில் அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். ரிமோட்டுக்கு பேட்டரி வேண்டும் என்றாள். வேறு எங்கேயும் கிடைக்கிற பேட்டரிதான். அவரே எடுத்துக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தியாகிவிட்டதாம். வேலை பழையபடி வருகிறதாம். கேட்டு அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஆனா அண்ணே," என்றாள், கோபமில்லாமல், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல, "இப்பவும் சில நாள் அந்தச் சத்தம் வர்ற மாதிரி இருக்கு. எழுந்து போய்க் குனிஞ்சு பாப்பேன். ஒண்ணும் இருக்காது. இல்லைன்னு தெரிஞ்சாலும் மறுபடி போய்ப் பாப்பேன். வேலையிலயும் அப்படித்தான். ஒரு எழுத்து தப்புன்னு கண்ணு சொல்லுது. முன்னாடின்னா சட்டுனு சுழிச்சிடுவேன். இப்ப அகராதியைத் திறந்து பாக்காம பேனா போக மாட்டேங்குது."

அவர் சில்லறையை எண்ணினார். மன்னிப்பு என்ற வார்த்தையை இனியொரு தரம் சொன்னால் அது தனக்காகச் சொல்வதாகத்தான் இருக்கும் என்று தோன்றிற்று. அவள் சில்லறையை வாங்கிக்கொண்டு, லேசாகத் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

"யாருப்பா அது?" என்றார் முதலாளி, உள்ளேயிருந்து.

கடையில் ஹோம் தியேட்டர் பார்க்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் நன்றாகக் கேட்கும்படி அவர் சொன்னார்: "எனக்குக் கேக்காத சத்தத்தைக் கேட்டவங்க சார். நான்தான் அவங்களைப் பொய்யாக்கினேன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர்களில் ஒருவர், புரியாமல், "எந்தச் சத்தம்?" என்று கேட்டார். பாம்புக்காது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.